தண்ணீர் தாங்கியது, நாமும் தாங்குவோம்

இந்த மாதப் பாடம்: மாற்றுத்திறனாளிகளும் நீச்சலும்



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு, கணக்குப் புத்தகம் என்று எத்தனையோ பாடங்களை இந்தப் பக்கத்தில் படித்து வருகிறோம். இந்த மாதம் கொஞ்சம் வேறு மாதிரியான பாடம். நடக்க முடியாதவர்கள் நீந்திப் போட்டியில் ஜெயித்த வரலாற்றைப் படிக்கப் போகிறோம்.

"நீச்சலுக்கும் நம்ம குழுவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கடைசி வரை படித்தால் புரியும். எழுதப் படிக்கத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும், மற்றவர்கள் கேளுங்கள். ஒரே கூட்டத்தில் முடியாவிட்டால் இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு

உங்கள் தெருவை மனதில் ஒரு முறை சுற்றி வாருங்கள். கால் நடக்க வராத பிள்ளை, கை வளராமல் பிறந்த பிள்ளை, கண் தெரியாதவர், விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனவர் என்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது இன்னொரு கணக்கு. அவர்களில் எத்தனை பேரை ரேஷன் கடையில், கோயில் திருவிழாவில், பஸ் ஸ்டாண்டில், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பார்த்திருக்கிறீர்கள்?

முதல் கணக்குக்கும் இரண்டாவது கணக்குக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் இன்றைய பாடம். அந்த வித்தியாசத்தில் இருப்பவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களில் பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். கிராமங்களுக்குப் போகும்போது நான் பல வீடுகளில் பார்க்கிற ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். தனியாகக் கழிப்பறைக்குப் போக முடியாத பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். "அம்மா வேலைக்குப் போயிட்டு சாயங்காலம்தான் வருவாங்க. அதுவரைக்கும் யார் என்னைத் தூக்குவாங்க? அதான் குடிக்கிறதில்ல" என்பார்கள். இதனால் சிறுநீர்த் தொற்று வருகிறது. ஒரே இடத்தில் உட்கார்ந்தபடியே இருப்பதால் புண் வருகிறது, முதுகு வளைகிறது. ஊனத்தை விட, ஊனத்தால் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பதுதான் உடம்பை அதிகமாகக் கெடுக்கிறது.

இப்படி உட்கார்ந்தே இருந்து, உயிருக்கே ஆபத்து என்ற நிலைக்கு வந்து, பிறகு தண்ணீரில் இறங்கித் தேறிய ஒரு பெண்ணின் வரலாற்றை இப்போது பார்ப்போம். அவர் வேலை பார்த்ததும் நீந்தியதும் நமக்குப் பக்கத்தில் உள்ள சென்னையில்தான்.

மாதவி லதாவின் வரலாறு

மாதவி லதா பிரத்திகுடுப்பு 1970-ஆம் ஆண்டு பிறந்தவர். சொந்த ஊர் இன்றைய தெலங்கானா மாநிலத்தின் கம்மம் மாவட்டத்தில் உள்ள சத்துபள்ளி. ஏழு மாதக் குழந்தையாக இருக்கும்போது போலியோ தாக்கியது. இரண்டு கால்களும் செயலிழந்தன.

அந்தக் காலத்தில் போலியோ நம் ஊர்களிலும் எத்தனையோ பிள்ளைகளின் காலை எடுத்துக்கொண்டது. 1995 முதல் ஊர் ஊராகச் சொட்டு மருந்து முகாம் போட்டு, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பிறகுதான் அது அடங்கியது. இந்தியாவில் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் நம் நாடு போலியோ இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னால் பாதிக்கப்பட்டவர்கள் இன்று நாற்பது, ஐம்பது வயதில் நம் நடுவில் வாழ்கிறார்கள். நம் குழுக்களிலேயே சில பேர் உறுப்பினர்களாக இருக்கிறார்கள்.

மாதவி லதா படித்தார். வங்கி வேலைக்கு வந்தார். சென்னையில் பெரிய வங்கி நிறுவனம் ஒன்றில் நல்ல பதவியில் இருந்தார். பார்ப்பவர்கள் "இவங்களுக்கு என்ன குறை?" என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் உள்ளே ஒரு ஆபத்து வளர்ந்துகொண்டிருந்தது. முதுகுத்தண்டைப் பிடித்து நிறுத்த வேண்டிய தசைகளுக்குப் பலம் இல்லை. பல வருடம் சக்கர நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்ததால் முதுகு வளைந்து நுரையீரலை அழுத்த ஆரம்பித்தது. மூச்சு விடுவதே கஷ்டமானது. உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் அவர் தண்ணீர் சிகிச்சைக்குப் போனார். குளத்துக்குள் இறங்கி, தண்ணீரின் உதவியோடு செய்கிற உடற்பயிற்சி அது. தரையில் ஒரு அங்குலம் கூட அசையாத உடம்பு தண்ணீரில் மிதந்தது. மிதக்க மிதக்கப் பயம் போனது. பயம் போனதும் கையை வீசினார், நகர்ந்தார். சிகிச்சை கொஞ்சம் கொஞ்சமாக நீச்சலாக மாறியது. மூச்சும் சீரானது.

அதன் பிறகு அவர் போட்டிகளுக்குப் போனார். 2011-இல் நடந்த தேசிய பாராலிம்பிக் நீச்சல் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 41. "இந்த வயசுக்கு மேல என்னத்த கத்துக்கிறது?" என்று அடிக்கடி சொல்கிற நம் சகோதரிகள் இந்த வயதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பதக்கத்தோடு அவர் நின்றுவிடவில்லை. "எனக்குக் கிடைத்தது மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும்" என்ற எண்ணத்தோடு, "நாங்களும் முடியும்" என்ற பொருளில் "எஸ் வீ டூ" என்ற இயக்கத்தைத் தொடங்கினார். மாற்றுத்திறனாளிகளையும் அவர்கள் பெற்றோரையும் சந்தித்து, விளையாட்டுப் பக்கம் வரச் சொன்னார். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான நீச்சல் சங்கத்தை உருவாக்கி நடத்தினார். பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆடும் கூடைப்பந்துக்கு அகில இந்தியக் கூட்டமைப்பு உருவானபோது அதற்கும் தலைவராக இருந்து வழிநடத்தினார்.

தனி ஒருத்திக்குக் கிடைத்ததைச் சங்கமாக ஆக்கினால்தான் அது நிலைக்கும். இதை நம் குழுச் சகோதரிகளுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தண்ணீர் எப்படித் தாங்குகிறது?

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கிணற்றில் நீர் இறைத்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். வாளி தண்ணீருக்குள் இருக்கும் வரை லேசாக இருக்கும். தண்ணீர் மட்டத்தை விட்டு மேலே வந்த உடனே கனக்கும், கயிறு கையை அறுக்கும். வாளியும் அதே வாளிதான், உள்ளே இருக்கிற தண்ணீரும் அதேதான். கிணற்றுக்குள் இருக்கும்போது கீழே இருக்கிற தண்ணீர் வாளியை மேல் நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதுதான் வித்தியாசம்.

நம் உடம்புக்கும் அப்படியே. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் காலில் இறங்குகிற எடை ஏறக்குறைய பாதியாகிவிடும். கழுத்தளவு தண்ணீரில் நின்றால் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதாவது, 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் கால்கள் கழுத்தளவு தண்ணீரில் சுமார் 5 கிலோவைத் தாங்கினால் போதும். அதனால்தான் தரையில் நிற்க முடியாதவர்கள் சிலர் தண்ணீரில் நிற்கிறார்கள், அடி எடுத்து வைக்கிறார்கள்.

இன்னொரு நன்மையும் உண்டு. தண்ணீர் நெஞ்சைச் சுற்றி அழுத்தும். அந்த அழுத்தத்துக்கு எதிராக மூச்சை இழுத்து இழுத்து விடும்போது மூச்சுத் தசைகளுக்குப் பயிற்சி கிடைக்கிறது. கீழே விழுந்து அடிபடுமோ என்ற பயமும் தண்ணீரில் குறைவு. விறைத்துப் போன கை கால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் தளரும். இவை எல்லாம் சேர்ந்துதான் சிகிச்சை.

குண்டு பாய்ந்த சிப்பாய்

இப்படிச் சிகிச்சைக்காகத் தண்ணீரில் இறங்கி வீரரானவர் மாதவி லதா மட்டும் இல்லை. அவருக்கு 40 வருடம் முன்னாலேயே ஒருவர் இருக்கிறார். பெயர் முரளிகாந்த் பேட்கர். மகாராஷ்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்துக்காரர். இராணுவத்தில் இருந்தவர், நல்ல குத்துச்சண்டை வீரர். 1965-இல் பாகிஸ்தானுடன் நடந்த போரில் அவர் உடம்பில் பல குண்டுகள் பாய்ந்தன. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது.

மருத்துவமனையில் சிகிச்சையின் பகுதியாக நீச்சல் பழகினார். 1968-இல் இஸ்ரேல் நாட்டின் டெல் அவிவ் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் மேசைப்பந்து ஆடினார். 1972-இல் மேற்கு ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். எடுத்துக்கொண்ட நேரம் 37.33 விநாடி. அது அப்போது உலக சாதனை. நம் மின்சார ரயிலில் இரண்டு பெட்டியைச் சேர்த்த நீளத்துக்கும் கொஞ்சம் அதிகமான தூரத்தை, கால்களின் உதவி இல்லாமல், கைகளின் பலத்தால் அவ்வளவு நேரத்தில் கடந்தார்.

ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தனிநபராக இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் இதுதான். ஆனால் பல பேருக்கு அவர் பெயரே தெரியாது. 2018-இல்தான் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தங்கம் வென்று 46 வருடம் கழித்து! அவர் வாழ்க்கையை வைத்து 2024-இல் இந்தியில் ஒரு சினிமாவும் வந்தது.

தங்கம் வென்ற ஆண் வீரருக்கே இந்தக் கதி என்றால், நம் தெருவில் வாசல்படி தாண்டாமல் இருக்கிற பெண் பிள்ளையின் திறமை யாருக்குத் தெரியப் போகிறது?

பாராலிம்பிக் என்றால் என்ன?

இரண்டாம் உலகப் போரில் முதுகுத்தண்டு அடிபட்ட சிப்பாய்களுக்கு இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற ஊர் மருத்துவமனையில் சிகிச்சை நடந்தது. அங்கே இருந்த லுட்விக் குட்மன் என்ற மருத்துவர், படுக்கையில் கிடப்பவர்களுக்கு மருந்தோடு விளையாட்டும் வேண்டும் என்று நினைத்தார். 1948-இல் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு ஒரு சிறிய போட்டி வைத்தார். அது வளர்ந்து 1960-இல் ரோம் நகரில் முதல் பாராலிம்பிக்காக நடந்தது. அந்த முதல் தடவையிலிருந்தே நீச்சல் அதில் இருக்கிறது. இன்று ஒலிம்பிக் முடிந்ததும் அதே நகரத்தில் பாராலிம்பிக் நடக்கிறது. 2024-இல் பாரிஸ் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் இந்தியா 29 பதக்கம் பெற்றது. அவற்றில் ஒன்று நமக்குப் பக்கத்து மாவட்டமான காஞ்சிபுரத்தைச் சேர்ந்த துளசிமதி முருகேசன் இறகுப்பந்தில் வென்ற வெள்ளி.

போட்டி எப்படி நடக்கும்?

"ஒரு கால் இல்லாதவரும் ரெண்டு காலும் இல்லாதவரும் ஒண்ணா நீந்தினா நியாயமா?" என்று நீங்கள் கேட்பது சரிதான். அதற்காகத்தான் பிரிவுகள் வைத்திருக்கிறார்கள்.

உடல் ஊனம் உள்ளவர்களுக்கு 1 முதல் 10 வரை பிரிவுகள். எண் குறையக் குறைய ஊனம் அதிகம் என்று அர்த்தம். 1-ஆம் பிரிவில் இருப்பவருக்குக் கை, கால், உடம்பு எல்லாவற்றிலும் கடுமையான பாதிப்பு இருக்கும். 10-ஆம் பிரிவில் இருப்பவருக்குப் பாதிப்பு குறைவு. 11 முதல் 13 வரை பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு. 14 அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு. மார்பு நீச்சலில் காலின் வேலை அதிகம் என்பதால் அதற்கு மட்டும் தனியாக 1 முதல் 9 வரை பிரிவு உண்டு.

மருத்துவச் சான்றிதழை மட்டும் பார்த்துப் பிரிவு கொடுப்பதில்லை. கை கால் பலத்தைச் சோதிப்பார்கள். தண்ணீரில் இறக்கி நீந்தச் சொல்லிப் பார்ப்பார்கள். போட்டியில் நீந்தும்போதும் கவனிப்பார்கள். சான்றிதழில் ஒரே மாதிரி எழுதியிருக்கிற இரண்டு பேர் தண்ணீரில் வேறு வேறு மாதிரி நீந்தலாம், அதனால்தான்.

விதிகளிலும் மனிதத்தன்மை இருக்கிறது. மேடையில் நின்று குதிக்க முடியாதவர் உட்கார்ந்தபடியே குதிக்கலாம். அதுவும் முடியாதவர் தண்ணீருக்குள் இருந்தே புறப்படலாம். கையால் பிடித்துக்கொள்ள முடியாவிட்டால் உதவியாளர் பிடித்துக்கொள்ளலாம். பார்வை இல்லாதவர் சுவரை நெருங்கும்போது, நீளமான கோலின் மெத்தென்ற முனையால் உதவியாளர் தொட்டு, "சுவர் வந்துவிட்டது" என்று உணர்த்துவார். செயற்கைக் கால், செயற்கைக் கை எதையும் மாட்டிக்கொண்டு நீந்தக் கூடாது. கரையில் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, அவரவர் உடம்போடு இறங்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். உதவி செய்வதை அங்கே இரக்கமாக நினைப்பதில்லை. விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூடம் திறந்த கதவு

இன்னொரு வீரரைப் பார்ப்போம். பெங்களூரைச் சேர்ந்த சரத் கெய்க்வாட். இடது கை முழுமையாக வளராமல் பிறந்தவர். அவர் படித்த பள்ளியில் நீச்சல் வகுப்பு இருந்தது. மற்றப் பிள்ளைகளோடு அவரும் இறங்கினார். அப்படித்தான் நீச்சல் அவர் வாழ்க்கையில் வந்தது. 2010-இல் சீனாவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் வெண்கலம் வாங்கினார். 2012-இல் லண்டன் பாராலிம்பிக்கில் கலந்துகொண்டார். 2014-இல் தென் கொரியாவின் இஞ்சியான் நகரில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் ஒரே தடவையில் 6 பதக்கம் வென்றார்.

மூன்று பேரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேட்கருக்கு இராணுவ மருத்துவமனை. மாதவி லதாவுக்குத் தண்ணீர் சிகிச்சை. சரத்துக்குப் பள்ளிக்கூடம். மூவருக்கும் தைரியம் இருந்தது, உழைப்பு இருந்தது. ஆனால் அதற்கெல்லாம் முன்னால், யாரோ ஒருவர் அவர்களைத் தண்ணீர்வரை கொண்டுபோய் விட்டார்கள். கதவு திறந்த பிறகுதான் திறமை வெளியே தெரிந்தது.

நம்ம ஊரில் தடை எங்கே இருக்கிறது?

நம் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து ஊர்களில் தண்ணீருக்குப் பஞ்சம் இல்லை. ஏரி இருக்கிறது, செங்கல்பட்டில் கொளவாய் ஏரி இருக்கிறது, கிழக்கே போனால் மாமல்லபுரம் கடற்கரை. ஆனால் ஒரு மாற்றுத்திறனாளிப் பிள்ளை பாதுகாப்பாக இறங்கிப் பழகுவதற்கு இவை எதுவும் உதவாது. அதற்குப் படிக்கட்டும் கைப்பிடியும் உள்ள நீச்சல் குளம் வேண்டும், தெரிந்த பயிற்சியாளர் வேண்டும். 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய அரசு நீச்சல் வளாகம் சென்னை வேளச்சேரியில் இருக்கிறது. நம் ஊரிலிருந்து அங்கே போக வேண்டும் என்றால் ரயில் ஏற வேண்டும், ஸ்டேஷன் படி ஏற வேண்டும், பிறகு பஸ், பிறகு நடை. கூட ஒரு ஆள் போக வேண்டும். அந்த ஆளுக்கு அன்றைய கூலி போகும்.

இது வெளியே இருக்கிற தடை. வீட்டுக்குள் இருக்கிற தடை வேறு. கூட்டங்களில் இந்தப் பேச்சை எடுத்தால் சகோதரிகள் சொல்வது இவைதான்:

"வயசுக்கு வந்த பொண்ணு. தண்ணியில எறங்குனா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"அதுக்குப் போடுற துணியே ஒரு மாதிரி இருக்குமே."

"அவளால ஒண்ணும் முடியாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. எதுக்கு அலையணும்?"

"இருக்கிற ரெண்டு பிள்ளைங்களப் படிக்க வைக்கவே வழியில்ல."

இவை எதையும் கேலி செய்ய முடியாது. எல்லாம் நிஜமான கஷ்டம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பதில் தேட முடியும். பெண்களுக்கு மட்டும் என்று தனி நேரம் ஒதுக்கும் குளங்கள் இருக்கின்றன. முழங்கால்வரை, முழங்கைவரை மூடுகிற நீச்சல் உடை கடைகளில் கிடைக்கிறது. "ஒன்றும் முடியாது" என்று பல வருடம் முன்னால் ஒருவர் சொல்லியிருந்தால், இப்போது இன்னொரு மருத்துவரிடம் காட்டிக் கேட்கலாம். செலவைப் பற்றித்தான் குழு யோசிக்க வேண்டும்.

குழு என்ன செய்யலாம்?

1. கணக்கு எடுங்கள். ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்து, ஊராட்சியில் எத்தனை மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள், வயது என்ன, வெளியே வருகிறார்களா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்தில் அதை வையுங்கள்.

2. அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். நாடு முழுவதும் செல்லுபடியாகும் தனித்துவ அடையாள அட்டைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மருத்துவக் குழு பரிசோதித்து எத்தனை சதவீதம் என்று சான்று கொடுக்கும். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பல சலுகைகளுக்கு வழி உண்டு. சந்தேகம் இருந்தால் செங்கல்பட்டில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

3. சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனமுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி அவர்கள் உரிமை. விளையாட்டில் பங்கேற்க வசதி செய்து தர வேண்டியது அரசின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. நாம் போய்க் கேட்பது உதவி இல்லை, உரிமை.

4. சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. பிள்ளையின் நிலை என்ன, எந்தப் பயிற்சி உதவும், தண்ணீர்ப் பயிற்சி பொருந்துமா என்று அங்கே ஆலோசனை கேட்கலாம்.

5. துணைக்குப் போக முறை வையுங்கள். இதுதான் குழுவால் மட்டும் செய்யக்கூடியது. ஒரு தாய் வாரம் இரண்டு நாள் கூலியை விட முடியாது. ஆனால் எட்டு பேர் முறை போட்டுக்கொண்டால் ஒருவருக்கு மாதத்தில் ஒரு நாள்தான் வரும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாற்றுத்திறனாளிக்கும் கூட வரும் ஒரு துணைக்கும் அதே சலுகை உண்டு.

6. மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரியுங்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. என்னென்ன விளையாட்டு, எப்போது பதிவு என்று கேட்டு வந்து கூட்டத்தில் சொல்லுங்கள்.

7. அவர்களையும் குழுவில் சேருங்கள். வழக்கமாகக் குழு தொடங்கப் பத்துப் பேராவது வேண்டும். மாற்றுத்திறனாளிகள் ஐந்து பேர் இருந்தாலே தனிக் குழு தொடங்கலாம். இல்லாவிட்டால் நம் குழுவிலேயே சேர்த்துக்கொள்ளலாம். கூட்டம் நடக்கிற இடம் மாடியில் இருந்தால் கீழே மாற்றுங்கள். அந்த ஒரு மாற்றமே பெரிய வரவேற்பு.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு யாரும் பிள்ளையை ஏரியிலோ கடலிலோ இறக்கிவிடாதீர்கள். கல்குவாரிக் குட்டைகள் பக்கமே போக வேண்டாம். உள்ளே ஆழம் எங்கே என்று தெரியாது, ஏறப் படியும் கிடையாது. மாமல்லபுரம் பக்கத்துக் கடலில் அலையின் இழுப்பு அதிகம், நன்றாக நீந்துபவர்களே சிக்கிக்கொள்வார்கள்.

மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது. வலிப்பு வருகிறவர்கள், இதய நோய் உள்ளவர்கள், ஆறாத புண் உள்ளவர்கள் விஷயத்தில் இது மிக மிக முக்கியம். உணர்ச்சி இல்லாத கால்களில் குளத்துச் சுவர் உரசினால் காயம் பட்டதே தெரியாது. வெளியே வந்ததும் பாதம், முழங்கால் எல்லாம் பார்த்துத் துடைக்க வேண்டும்.

தண்ணீரில் இருக்கும் நேரம் முழுவதும் நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காற்று அடைத்த மிதவையை மட்டும் நம்பக் கூடாது.

பெண் பிள்ளைகளோடு எப்போதும் நம் பெண் ஒருவர் துணையாக இருக்க வேண்டும், உடை மாற்றும் அறையிலும் சேர்த்து. பயிற்சி என்றால் தொட்டுத் தூக்க வேண்டியிருக்கும். எங்கே தொடலாம், எங்கே தொடக் கூடாது என்று பிள்ளைக்கு முன்பே சொல்லிக்கொடுங்கள். பேச்சு வராத பிள்ளையாக இருந்தால் இன்னும் கவனம் தேவை.

பதக்கம் வராவிட்டால்?

நேர்மையாகச் சொல்ல வேண்டும். குளத்தில் இறங்குகிற எல்லோரும் பதக்கம் வாங்க மாட்டார்கள். பேட்கருக்குப் பிறகு பாராலிம்பிக் நீச்சலில் இந்தியாவுக்கு வேறு பதக்கம் வரவில்லை. அதனால் "உங்க பொண்ணு பெரிய வீராங்கனை ஆயிடுவா" என்று எந்தத் தாய்க்கும் ஆசை காட்டாதீர்கள்.

ஆனால் மாதவி லதா தண்ணீரில் இறங்கியது பதக்கத்துக்காக இல்லை, மூச்சுக்காக. பதக்கம் பிறகு வந்தது. நம் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். முதுகு நிமிர்ந்து உட்கார முடிந்தால் அது வெற்றி. வாரத்தில் இரண்டு நாள் வெளியே போய் நாலு மனிதர்களைப் பார்த்தால் அது வெற்றி. "சாயங்காலம்வரை தண்ணி குடிக்க மாட்டேன்" என்ற பெண் பயமில்லாமல் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால், அது பெரிய வெற்றி.

நாம் குழு ஆரம்பித்தபோது வெளியே வரவே பயந்தோம். வங்கி வாசலில் நிற்கக் கூசினோம். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனோம். அதே கையை இப்போது இன்னொருத்திக்கு நீட்ட வேண்டிய நேரம்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் ஊராட்சியில் வீட்டை விட்டு வெளியே வராத மாற்றுத்திறனாளிப் பெண்கள் எத்தனை பேர்? அவர்களை யார் போய்ப் பார்ப்பது?

2. அவர்களில் அடையாள அட்டை இல்லாதவர்கள் யார்? இந்த மாதத்துக்குள் யாருக்கு விண்ணப்பிக்க முடியும்?

3. பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம், ரேஷன் கடை, நம் கூட்டம் நடக்கும் இடம் ஆகியவற்றில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இருக்கிறதா? இல்லாத இடத்துக்குக் கிராம சபையில் மனு கொடுப்போமா?

4. சிகிச்சைக்கோ பயிற்சிக்கோ ஒரு பிள்ளையை அழைத்துப் போக வேண்டுமானால், நம் குழுவில் யார் யார் முறை போட்டுத் துணைக்குப் போவார்கள்?

5. நாற்பது வயதுக்கு மேல் நான் கற்றுக்கொள்ள விரும்பும் ஒரு விஷயம் என்ன? ஒவ்வொருவரும் ஒன்று சொல்லுங்கள்.

பேசி முடித்ததும் முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். யார் போவது, என்று போவது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக அதைப் படித்துப் பாருங்கள்.